புல்லுக்கு நடுவுல தக்காளி

உக்குவளை பஸ்ல நானும் என் தொப்பையுமா ரெண்டு சீட்ட புடிச்சிருந்தோம். முன்னால ரெண்டு மச்சான்மாரு. தொப்பி போட்ட மூத்தவரு தோட்டக்காரரு.

"புழுவ பட்டினி போட்டுத்தான் கொல்லணும், மச்சான். அதுக்குத்தான் கினிப்புல்லு நட்டேன்."

"புல்லுல மருந்து இருக்கா?"

"இல்ல. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு புல்லு வேருக்குள்ள போகும். ஆனா அங்க வளராது, முட்டையும் போடாது. போன போகம் தக்காளி வேரெல்லாம் முடிச்சு முடிச்சா வீங்கி செத்துச்சே. இந்த வாட்டியும் போச்சுன்னா காணிக்காரர் நிலத்த திருப்பி எடுத்துருவாரு."

"வெறும் புல்லு மட்டும்தானே இருக்கு?"

தொப்பிக்காரரு யன்னல பார்த்தாரு.

"தானா மொளச்ச தக்காளி நாலஞ்சு நிக்குது. கறிக்கு இருக்கட்டும்னு என் பொஞ்சாதி, ஒங்க ராத்தாதான்..."

"அப்ப புழுவுக்கும் ராத்தாதான் சோறு போடுறாங்க."

அவரு எழும்பி மணியடிச்சாரு. "எறங்குங்க. இப்பவே புடுங்கணும்."

"ராத்தாகிட்ட யாரு சொல்றது?"

பஸ் நின்னுச்சு. அவரு மெதுவா உட்காந்தாரு.