ஐஸ் பெட்டிக்குள் ஃபோன்கள்

மார்லா, அன்று அடுப்பில் இருந்த சாசேஜைக் கருகவிட்டது நான்தான். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

மற்றதையும் நீ கேட்பதால் சொல்கிறேன். அமெரிக்க ஃபுட்பால் பருவம் தொடங்குமுன் உன் அண்ணன் கர்ட், நான், இன்னும் எட்டுப் பேர் என் கார் ஷெட்டில் கூடுவோம். எல்லோருக்கும் ஒரே அளவு பொய்க் காசு. அதை வைத்து நிஜ ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்போம். ஞாயிறுதோறும் அவர்கள் எடுக்கும் புள்ளி எங்கள் கணக்கில் சேரும். கடைசியாக வருபவன் குளிர்காலம் முழுக்க மற்றவர்கள் வீட்டு வாசலில் பனி வாரவேண்டும்.

போன குளிர்காலம் வாரியவன் நான். கர்ட் காப்பிக் கோப்பையோடு ஜன்னலைத் திறந்து, "ரஸ், அந்த ஓரத்தையும் கொஞ்சம் கவனிப்பா, கூலி கட் பண்ணிடுவேன்" என்பான். தினமும்.

அதனால் இந்தக் கோடை முழுக்க யோசித்தேன். ஏலத்தில், நமக்கு வேண்டாதவன் பெயரைத்தான் முதலில் கூப்பிடவேண்டும். அடுத்தவன் ஆசைப்பட்டுக் காசைக் கரைப்பான். வேண்டியவனைப் பற்றி மூச்சு விடக்கூடாது. கோரி என்று ஒரு பையன், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன், பெஞ்சில் கிடந்தான். இந்த ஆண்டு அவன்தான் களத்தில் இறங்கப்போகிறான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஏலத்தின்போது யாரும் எதையும் பார்த்துச் சொல்லக்கூடாது என்பதால் எல்லா ஃபோனும் காலி ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். பெட்டி என் காலடியில் இருக்கும். யாராவது எழுந்து போனால் ஏலம் ரத்து, அடுத்த வாரம்தான். "ஒருத்தன விட்டுட்டு என்னடா ஏலம்?" என்று அந்த விதியைக் கொண்டுவந்தவர் உன் அப்பா வெர்ன். நல்ல மனிதர். ஏலத்தன்று அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார், நீ பக்கத்தில் இருந்தாய்.

ஒரு ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அணைக்கத்தான் எடுத்தேன். கர்ட்டின் ஃபோன். அவன் அதைப் பூட்டிவைப்பவன் இல்லை. "அப்பா கண்ணு முழிச்சுட்டாரு. உன்னத்தான் கேக்குறாரு. உடனே வா" என்று நீ எழுதியிருந்தாய். கண் விழித்துவிட்டார் என்றால் நல்ல செய்திதானே என்று நினைத்தேன்.

நடுவில் கர்ட் கேட்டான். "மச்சான், என் ஃபோன் அடிச்சுதா? அப்பா நெனப்பாவே இருக்கு."

"ஒண்ணும் இல்லடா. நீ ஏலத்தப் பாரு."

பார்த்தான். கிரீன் பே அணிக்காரன் ஒருவனுக்காகக் கையில் இருந்த காசில் பாதியைக் கொட்டினான். கோரியை நான் ஒரு டாலருக்கு எடுத்தேன். "யாருடா இவன், உன் சித்தப்பா மவனா?" என்று சிரித்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஃபோனை நானே கர்ட் கையில் கொடுத்தேன். அவன் வந்து சேர்வதற்குள் வெர்ன் போய்விட்டார் என்பது எனக்கும் வருத்தம்தான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் பாதி ஏலத்தை எப்படி ரத்து செய்வது, மார்லா? வாங்கியவர்களுக்கு அது நியாயமா?

நீ அனுப்பிய நேரம் உன் ஃபோனில் இருக்கிறது என்கிறாய். இருக்கும். அப்போது நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தோம். ஒருவன் பெயரும் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் என்றால் கோரி விஷயம் ஊருக்கே தெரிந்துபோயிருக்கும்.

இந்த ஆண்டு கடைசியாக வந்தது கர்ட். இப்போது தினமும் காலையில் வந்து என் வாசலில் பனி வாருகிறான். நான் ஜன்னலைத் திறப்பதே இல்லை. அப்பாவைப் பறிகொடுத்தவனைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.