நல்லையாவின் கடைசிக் கூத்து

தெமோதரையிலிருந்து நடந்தே வந்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ரயில் பாதைக்கு மலையை வெட்டுகிறார்கள், வழியெல்லாம் செம்மண். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன்.

நல்லையா சாவை வைத்துச் சிரிக்கவைக்கிறவன். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவது அவன் வேலை, கூத்து எழுதுவது அவன் பெருமை. பெற்ற தகப்பன் செத்த வீட்டிலேயே பாட்டுக் கட்டி, அழ வந்தவர்களை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவைத்தான். பேதி வந்து லயத்து வீடுகளில் பாதி காலியான வருஷம், எமன் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து ஆட்களைப் பேர் கூப்பிடுவதாக ஒரு கூத்து எழுதினான். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் சிரித்தாள். நமுனுகுலவரை அவனுக்குப் பேர். நானும் ஒரு கூத்து எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை; கைக்குழந்தை ஒன்று அழுதது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் பெரட்டுக் களத்தில் அவனுடைய பாடைக் கூத்து. வருஷா வருஷம் ஆடுவதுதான். அவன் பிணம், நான் சேலை கட்டி ஒப்பாரி வைக்கும் பெண்டாட்டி. அவன் கையையும் காலையும் பாடையோடு கட்டுவதும் மூன்றாம் பாட்டில் அவிழ்ப்பதும் என் பொறுப்பு. அவிழ்த்ததும் பிணம் எழுந்து என் ஒப்பாரியில் குற்றம் சொல்லும்.

இந்தத் தடவை இரண்டாம் பாட்டிலேயே அவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. பழைய வியாதி, எனக்குத் தெரியும்.

"டேய், நெசமாத்தாண்டா... மூச்சு வரல, அவுத்து விடு" என்றான்.

நான் கூட்டத்தைப் பார்த்து, "செத்தும் மூச்சு வேணுமாம் இவருக்கு, ஆசையப் பாருங்க" என்றேன்.

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் வாய்ச் சொல்லுக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அவன் சம்சாரம் பெரியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, கூத்து இல்லீங்க, அவுருக்கு நெசமாவே இழுக்குது!"

"நீ ஏன்டி அழுவுற? கட்டுனவ நான் இருக்கேன்ல" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. மூன்றாம் பாட்டைப் பாடினேன். நான்காவதையும் பாடினேன். பிறகு அவிழ்த்தேன். அவன் எழவில்லை.

தெரிந்துதான் செய்தேன். ஒரு சுண்டு சுண்டியிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கும்.

மூன்று மாதமாக என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெரியாயி சொன்னதைத் துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் அதில் குறை இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் பேசியதுதான் பொறுக்கவில்லை. "சாகுறப்பவும் என்னமா எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு நல்லையா" என்று, நான் சொன்ன அந்த இரண்டு வசனத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

தண்டனையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, ஐயா. அந்த இரண்டும் நான் சொன்னவை, நல்லையா எழுதியவை அல்ல என்று கோர்ட்டில் எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லுங்கள். 'வேணுமாம் இவருக்கு' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் சிரிப்பு வராது.