மோட்டார் ரூமில் இருந்த தார்ப்பாய்

மக்காச்சோளம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மணியைக் கடித்தால் போதும். கடக்கென்று உடைந்தால் மிசினுக்குச் சொல்லியனுப்பலாம். எனக்குக் கடைவாய்ப் பல் விழுந்து வெகுகாலம் ஆகிறது. அதனால் கடித்துச் சொல்வது என் வீட்டுக்காரர் வேலை. காளிச்சாமி என்று அவர் பெயரை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறேன். உயிரோடு இருந்தவரை சொன்னதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டுமே, அம்மிணி.

பாம்பு கடித்துச் செத்தவருக்கு எதற்குப் போலீஸ் என்று ஊரில் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை. கோபிநாத் சொல்லித்தான் வந்திருப்பீர்கள். கதிரடிக்கும் மிசின் ஓட்டுகிறவன். நல்லவன்.

எங்களுக்குள் சண்டை கிடையாது. அவர் குடித்ததில்லை, என்மேல் கை நீட்டினதில்லை. ஆனால் ஒவ்வொரு அறுப்பின்போதும், "இந்த வெள்ளாமையோட நிறுத்திக்கலாம் ராசம்மா" என்பார். சோளத்தோகை அறுத்த கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே நானும் நம்புவேன். அப்புறம் ஒரு மழை பெய்யும். வரப்பில் நின்று மண்ணை ஒரு கை அள்ளுவார். "ஈரமா இருக்குதே. சும்மா உட மனசு வருமா?" அவ்வளவுதான். மறுபடியும் விதைப்பு, களை, புழு, காட்டுப்பன்றி, அறுப்பு.

இந்த வருசம் மகள் அனுப்பிரியா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். கோயமுத்தூரில் அவள் வீட்டில் எங்களுக்கென்று கட்டில் வாங்கிப் போட்டாள். நான் வெள்ளாடுகளை விற்றேன். சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். தூங்கப் போகிறோம் என்று நினைத்தேன். வேறு ஆசை எதுவும் இல்லை, தூக்கம்தான்.

மிசின் வந்த அன்று காலை மோட்டார் போட அந்த ரூமுக்குப் போனேன். மூலையில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயின் மடிப்பில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. எலிக்கு வந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லத்தான் வந்தேன். அதை நம்புங்கள்.

களத்தில் அவர் கோபிநாத்திடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வெள்ளாமைக்கும் உன்ற மிசினுதான் கோபி. மொதல்ல நம்ம களத்துக்கு வந்துரோணும்."

"பெரியம்மா கோயமுத்தூருக்குப் பொட்டி கட்டிட்டதாச் சொன்னாங்களேங்க?"

"அவ கெடக்கறா. பொட்டியக் கட்டறதும் அவுக்கறதும் பொம்பளைகளுக்கு ஒரு பொழப்பு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபிநாத் செல்போனுக்குச் சார்ஜ் போட மோட்டார் ரூம் பக்கம் நடந்தான். "அங்க போவாத சாமி, ஊட்டுல போட்டுக்க" என்றேன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவன் பெண்டாட்டிக்கு யார் பதில் சொல்வது?

கொஞ்ச நேரத்தில் மேகம் திரண்டது.

"ராசம்மா, தார்ப்பாய் எங்க?"

"மோட்டார் ரூமுலதானுங்க."

பொய் இல்லையே. இருந்த இடத்தைத்தான் சொன்னேன்.

தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார். மணிக்கட்டில் இரண்டு பொட்டு ரத்தம். "உள்ள ஒரே இருட்டு. என்னமோ சுருக்குன்னுச்சு" என்றார். "எலியா இருக்குமுங்க" என்று முந்தானையால் துடைத்துவிட்டேன். நான் சொன்னால் நம்புகிறவர். வேப்பமர நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தேன். மிசின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் பொள்ளாச்சிப் பக்கம் போய்விடும், பிறகு எப்போது வருமோ. அவர் கை வீங்கிக்கொண்டே வந்தது. வலி பொறுக்கிறவர், முனகவில்லை. குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கொடுத்து, காய்ந்திருக்கிறதா என்று கேட்டேன். எப்போதும் போலக் கடித்தார். துப்பினபோது மணி சிவப்பாக இருந்தது. ஈறெல்லாம் ரத்தம்.

"நல்லாக் காஞ்சுருச்சு ராசம்மா" என்றார்.

நான் அந்த மணியை மண்ணில் மிதித்துவிட்டுச் சாக்குத் தைக்கப் போனேன்.

கோபிநாத்தான் பார்த்துவிட்டு மிசினை நிறுத்தி ஓடிவந்தான். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஜீப் கொழிஞ்சாம்பாறை தாண்டும்போது, "எலிதாண்டா கோபி, ராசம்மா சொன்னா" என்று இவர் அவனுக்குத் தைரியம் சொன்னாராம். மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

ஏதோ தெரியாமல் நடந்தது என்று எழுத வேண்டாம். தெரிந்துதான் அனுப்பினேன். தெரிந்துதான் நிழலில் உட்காரவைத்தேன். அவரும் பாவம், எத்தனை வருசம்தான் உழைப்பார். அவருக்கும் ஓய்வு வேண்டாமா? இந்தக் காட்டில் இனி யாரும் விதைக்கக் கூடாது. நான் கேட்டது அது ஒன்றுதான்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாமா, அம்மிணி? முந்தாநாள் நல்ல மழை. வரப்பில் நின்று ஒரு கை அள்ளிப் பார்த்தேன். உழவுக்கு டிராக்டர் வரச் சொல்லியிருக்கிறேன். மண் ஈரமாக இருக்கிறது, சும்மா விட மனசு வரவில்லை.