ஏசு எப்போது பெர்மனென்ட் ஆனார்

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த இளைஞன் திடீரென்று கேட்டான்.

“ஸ்டெல்லா, ஏசு எப்ப பெர்மனென்ட் ஆனாரு?”

அவன் பக்கத்தில் இருந்த பெண் தலையில் அடித்துக்கொண்டாள். “கிறிஸ்து ஆனாருன்னு சொல்லு முருகா. பொறக்கும்போதே கிறிஸ்துதான்.”

அவன் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்கிறவன். பங்குத் தந்தை இன்று கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் கோயிலில் வைத்து அவளைக் கட்டலாம் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

“ஒங்க அண்ணன் வேற மாதிரி சொன்னாரே. ஆதியில செல பேரு, ஆத்துல ஞானஸ்நானம் எடுத்தப்பதான் ஆனாருன்னு நம்புனாங்களாம். செல பேரு, செத்து உயிர்த்த பெறகுதான்னாங்களாம்.”

“அவன் புஸ்தகம் படிச்சுக் கெட்டவன். அதெல்லாம் ஃபாதர்கிட்ட ஒளறாத.”

“அதுவரைக்கும் தச்சு வேலை பாத்தாரே, அது டெம்பரரியா?”

“ஐயோ, சாமியப் போயி டெம்பரரிங்காத!”

“செத்த பெறகு பெர்மனென்ட் ஆர்டர் வந்து என்ன பிரயோசனம்? எங்கப்பாவுக்கு அப்படித்தான் வந்துச்சு.”

“உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே அவரு கிறிஸ்து. போதுமா?”

“அப்ப எதுக்கு ஆத்துல முங்குனாரு?”

அவள் பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். அதைத் திறக்காமலே அவன் மெதுவாகக் கேட்டான்.

“சரி, நான் எப்ப ஒனக்குப் புருஷன் ஆவேன்? தாலி கட்டுன பெறகா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“போன மழையில என் கால்ல அட்டை கடிச்சப்ப உப்பு வச்சு எடுத்துவிட்டியே, அப்பவே ஆயிட்ட.”

மூணாறு வரும்வரை அவன் வேறெதுவும் கேட்கவில்லை.