இடுப்புக் கயிறு

பழைய டயரை வெயிலில் போட்டுவைக்கக் கூடாது, ரப்பர் வெடிப்பு விட்டுவிடும். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பதினோரு வருடமாக உங்கள் கிளப்பின் கால்பந்துப் பெண்களுக்கு உடல் வலுப் பயிற்சி கொடுக்கிறேன். எடை தூக்கும் கருவி ஒன்றுகூட நீங்கள் வாங்கித் தந்ததில்லை. நானும் குறை சொன்னதில்லை. டயர், மணல் மூட்டை, ஒரு மரப்பெட்டி, தண்ணீர் கேன்கள், கயிறு. இவற்றை வைத்தே என் மகளின் கால்களை உருவாக்கினேன். எட்டு வயதில் அந்தப் பெட்டிமேல் ஏறிக் குதிக்க ஆரம்பித்தாள். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. பதினாறு வயதில் அது சாயவே சாயாது.

விசாரணையில் கயிற்றைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். இன்னொன்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஓடுகிறவள் இடுப்பில் ஒரு பட்டை. அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் வருவேன். அவள் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். நான் அளவாகத் தடுக்க வேண்டும். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு வைத்திருப்பேன். அது நெருங்கியதும் கயிற்றைத் தளர்த்திவிட்டு விசில் ஊதுவேன். விசில் கேட்ட பிறகுதான் அவள் காலை ஊன்றித் திரும்புவாள். ஓடுகிறவளுக்கு முதுகில் கண் கிடையாது. விசிலை நம்பித்தான் திரும்புகிறாள்.

"மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறியேம்மா" என்பாள் என் மகள்.

"மாடு இவ்வளவு வாயடிக்காது. ஓடுடி."

கூட இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு நாளில் மிகப் பிடித்த நேரம் அதுதான்.

பெரிய அணியின் விடுதியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தபோது நான்தான் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். நீங்களும் சாப்பிட்டீர்கள். அவள் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "தினமும் கூப்பிடுறேம்மா, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத" என்றாள். அவள் அண்ணனும் படிக்கப் போகும்போது இதையேதான் சொன்னான். முதலில் தினமும், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது "சாப்பிட்டியா" என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அவர்கள் அப்பா கப்பலில் வேலை செய்கிறார். கரைக்கு வந்தால் கூப்பிடுவார். மூன்று அறை உள்ள வீட்டில் ஒரு தட்டு மட்டும் கழுவுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

நான் கோபக்காரி இல்லை. போகாதே என்று சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டியிருப்பாள். பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே அப்படி ஒரு கசப்பு வரலாமா?

அன்று மாலை மைதானம் காய்ந்துதான் இருந்தது. வழுக்கவில்லை. அவள் காலணியிலும் குறை இல்லை. ஆறாவது ஓட்டத்தில் கூம்பு நெருங்கியது. கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். விசில் ஊதினேன். அவள் வலது காலை ஊன்றித் திரும்பினாள். நான் தளர்த்தவில்லை. முழு பலத்தோடு பக்கவாட்டில் இழுத்தேன். முட்டி உள்பக்கம் சாய்ந்தது. எந்தக் கோணத்தில் ஜவ்வு கிழியும் என்பது எனக்குத் தெரியாமல் இருக்குமா? அது கிழியாமல் இருக்கத்தானே எட்டு வருடம் சொல்லிக்கொடுத்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உங்கள் அறிக்கை. "வீராங்கனை விசிலுக்கு முன்பே திரும்பியதால் ஏற்பட்ட காயம்" என்று அதில் இருக்கிறது. அவளும் உங்களிடம் அப்படித்தான் சொன்னாளாம், "என் தப்புதான், அம்மாவ ஒண்ணும் கேட்காதீங்க" என்று. அவள் விசிலுக்கு முன்னால் ஒரு நாளும் திரும்பியதில்லை. நான் பழக்கியவள் அப்படித் திரும்ப மாட்டாள். அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.

அவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நன்றாக இருக்கிறாள். எழுந்து உட்கார, குளிக்க, சன்னல் பக்கம் போக, எல்லாவற்றுக்கும் "அம்மா" என்று கூப்பிடுகிறாள். விடுதியில் அவள் இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஒரு நாள் அழுதாள். என் மடியில்தான் அழுதாள். ஒரு வருடத்தில் மறுபடியும் விளையாடலாம் என்கிறார் மருத்துவர். வீட்டிலேயே செய்வதற்கு ஏழு பயிற்சிகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஏழாவது, முட்டியை முழுதாக நீட்டுவது. தினமும் செய்யாவிட்டால் கால் மடங்கியபடியே இறுகிவிடும் என்று கீழே கோடு போட்டிருந்தார். அவளுக்கு வலிக்கும் என்று அந்த வரியை மட்டும் கத்தரித்துவிட்டுத்தான் தாளைச் சுவரில் ஒட்டினேன். பெற்றவளுக்கு மனசு கேட்குமா?