மூச்சு நின்ன கணக்கு

குணமதி: தூங்கலீங்க டாக்டரம்மா. கண்ண மூடிக்கிட்டு யோசிக்கிறாரு.

யசோதரன்: க்ர்ர்ர்... ம்ம்ம்... க்ர்ர்ர்...

டாக்டர் கஸ்தூரி: யோசனை வெளியில உட்கார்ந்திருக்கிற பேஷண்ட் வரைக்கும் கேக்குதே! யசோதரன்! மிஸ்டர் யசோதரன்!

யசோதரன்: ஆங்! எழுபத்தெட்டு மூட்டை! எடை சரி!

குணமதி: இது மண்டி இல்லீங்க. கிளினிக்கு.

யசோதரன்: தெரியும், தெரியும். முழிச்சுட்டுதான் இருக்கேன்.

டாக்டர் கஸ்தூரி: ஸ்டூல்ல உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் ஆகல. அதுக்குள்ளயா?

குணமதி: மண்டியிலயும் இப்படித்தாங்க. போன வாரம் கடலை ஏலத்துல நடந்தது... சொல்லட்டுங்களா?

யசோதரன்: அது இன்னாத்துக்கு இப்போ?

டாக்டர் கஸ்தூரி: நீங்க சொல்லுங்கம்மா.

குணமதி: இவரு அங்க குமாஸ்தா இல்லீங்களா? கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருத்தர், ‘இந்த விலைக்குத் தள்ளிடலாமா சார்?’னு இவரைக் கேட்டிருக்காரு. இவரு ‘ம்ம்ம்ம்’னு இருக்காரு. சரின்னு தள்ளிட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது பதில் இல்ல, குறட்டைன்னு.

யசோதரன்: நல்ல விலைதான் டாக்டர். அந்த ஆளு எனக்குக் கும்பிடு போட்டுட்டுப் போனாரு.

குணமதி: கும்பிட்டது கூடத் தெரியாம தூங்கிட்டு இருந்தீங்க.

டாக்டர் கஸ்தூரி: சிரிக்காதீங்க யசோதரன். போன மாசமே சொன்னேன். குறட்டை வெறும் சத்தம்தான். சத்தம் வர்ற வரைக்கும் பயமில்ல. சத்தம் திடீர்னு நின்னு போகுது பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும்.

யசோதரன்: எல்லாரும் குறட்டை விடறதுதானே? எங்கப்பா விட்டா கூரையில இருக்கிற புறா பறக்கும்.

டாக்டர் கஸ்தூரி: உங்கப்பாவுக்கு நடுவுல மூச்சு நின்னுச்சா?

யசோதரன்: எனக்கும் நிக்கறதில்ல. இவ ரொம்ப ஜாஸ்தி பயப்படறா.

குணமதி: பக்கத்துல படுத்திருக்கிறது நானா, நீங்களா?

யசோதரன்: ரெண்டு பேரும்தான்.

டாக்டர் கஸ்தூரி: கேளுங்க. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்துடும். நாக்கு பின்னால சரியும். உங்களுக்குக் கழுத்துல வேற சதை ஜாஸ்தி. வழி அடைச்சுக்கும். காத்து உள்ள போகாது. மூளை பதறிப்போய் உங்கள உலுக்கும். ஒரு நொடி அரை முழிப்பு வரும், ‘ஹக்’னு மூச்சை இழுப்பீங்க, மறுபடியும் தூங்கிடுவீங்க. காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ராத்திரி பூரா இப்படி எழுந்து எழுந்து படுத்தா, பகல்ல ஸ்டூல்ல தூக்கம் வராம என்ன வரும்?

யசோதரன்: சைக்கிள் டியூப்ல மடிப்பு விழுந்த மாதிரி...

டாக்டர் கஸ்தூரி: அதேதான். டியூப் வெடிச்சா மாத்திக்கலாம். உங்கள மாத்த முடியாது. மல்லாந்து படுக்கக் கூடாதுன்னு சொன்னேனே?

குணமதி: பந்து தெச்சுட்டேங்க. பனியன் முதுகுல பை வெச்சு, உள்ள ரப்பர் பந்து. கிரிக்கெட்ல நம்ம நாடு முதல் தடவையா உலகக் கப் ஜெயிச்சதுல இருந்து ஊர்ல ஒரு பந்து கிடைக்க மாட்டேங்குது. தேரடித் தெரு பூரா அலைஞ்சு வாங்கினேன்.

டாக்டர் கஸ்தூரி: வேலை செய்யுதா?

குணமதி: நல்லா செய்யுதுங்க. மல்லாந்தா குத்தும், தானா திரும்பிக்குவாரு. ஒருநாள் அதே பனியனோட மண்டிக்குப் போயிட்டாரு.

யசோதரன்: அவசரத்துல மேல சட்டை போட்டுட்டேன் டாக்டர். மூட்டை தூக்கற ஆளுங்க எல்லாம் என்னைச் சுத்தி நின்னுட்டாங்க. ‘மூட்டை தூக்கறது நாங்க, முதுகு வீங்கறது உங்களுக்கா சார்?’னு ஒரே கேள்வி.

டாக்டர் கஸ்தூரி: சரி, அந்த மெஷின் மேல ஏறுங்க. செருப்பைக் கழட்டிட்டு... என்ன இது? ஒன்றரை கிலோ ஏறியிருக்கு! கம்மி பண்ணச் சொன்னேனா, ஏத்தச் சொன்னேனா? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு?

குணமதி: ராத்திரி சாப்பாடே கிடையாதுங்க. நாங்க நயினாருங்க, ஜெயினு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சுடுவோம். விளக்கு வெச்சப்புறம் எங்க வீட்டுல ஒரு பருக்கை கூட யாரும் தொட மாட்டோம்.

டாக்டர் கஸ்தூரி: அப்போ எடை எங்க இருந்து வந்துச்சு?

யசோதரன்: மெஷின்ல ஏதோ...

டாக்டர் கஸ்தூரி: மெஷின் சரியாத்தான் இருக்கு.

யசோதரன்: வீட்டுல தொடறதில்ல. அது சத்தியம்.

குணமதி: வீட்டுல?

யசோதரன்: பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை... எப்பவாவது... நாலு இட்லி, ஒரு வடை...

குணமதி: ஏங்க! விளக்கு வெச்சப்புறமா?

யசோதரன்: அவசரப்படாத குணா! அங்க ஏழு மணிக்குத் தினம் கரண்டு போயிடும். கரண்டு போனப்புறம்தான் கை நனைச்சேன். கடையில விளக்கே இல்ல. விளக்கே வெக்காதப்போ, விளக்கு வெச்சப்புறம்னு எப்படிச் சொல்லுவ?

டாக்டர் கஸ்தூரி: அடேயப்பா... வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.

குணமதி: அத்தை காதுல மட்டும் இது விழுந்துச்சுன்னா...

யசோதரன்: விழாது. விழவே கூடாது. இனிமே இல்ல டாக்டர், சத்தியமா இல்ல.

டாக்டர் கஸ்தூரி: வாயால சொன்னா ஆச்சா? கழுத்துச் சதை கரையணும். சரி, மூச்சு நிக்கறத எழுதச் சொன்னேனேம்மா?

குணமதி: இந்தாங்க நோட்டு. மூச்சு நின்னா ஒரு கோடு. தேதி போட்டு எழுதியிருக்கேன்.

டாக்டர் கஸ்தூரி: நல்லா எழுதியிருக்கீங்க... முதல் நாள் இருபத்தாறு. சரி. அடுத்த வாரம் முப்பது... பந்து வெச்சப்புறம் குறைஞ்சிருக்கணுமே? முப்பத்தஞ்சு... நேத்து ராத்திரி... நாப்பத்தி மூணா?

யசோதரன்: அவ்வளவா?

டாக்டர் கஸ்தூரி: இது எனக்குப் பிடிக்கல. வேலூருக்கு அனுப்பிடறேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு. தொண்டை டாக்டர் பாக்கட்டும். ஒவ்வொரு வருஷமும் இதைப் பத்திப் புதுசு புதுசாக் கண்டுபிடிக்கிறாங்க. ஆனா ரொம்ப முத்திப் போனவங்களுக்கு இன்னைக்கும் ஒரு வழிதான் இருக்கு.

யசோதரன்: மாத்திரைங்களா?

டாக்டர் கஸ்தூரி: கழுத்துல ஓட்டை.

யசோதரன்: எதுல?

டாக்டர் கஸ்தூரி: கழுத்துல. இதோ, இந்த இடத்துல சின்னதா ஓட்டை போட்டு ஒரு குழாய் வெப்பாங்க. தொண்டை அடைச்சாலும் காத்து அது வழியா போயிடும்.

யசோதரன்: டாக்டர்... அது... புல்லாங்குழல் மாதிரி ஆயிடுமே!

குணமதி: காலையில ஆறு மணிக்கு வேலூர் பஸ் இருக்குங்க டாக்டரம்மா. நாளைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்.

யசோதரன்: குணா!

குணமதி: மாத்துத் துணி ரெண்டு செட்டு போதுங்களா?

யசோதரன்: இரு, இரு! டாக்டர், அந்த நாப்பத்தி மூணுல கொஞ்சம் கழிச்சுக்கலாம்.

டாக்டர் கஸ்தூரி: இது என்ன கடலை மூட்டையா, கழிவு போட?

யசோதரன்: பாதி கழிங்க. பாதிக்கு மேலயே கழிச்சாலும் தப்பில்ல.

டாக்டர் கஸ்தூரி: தூங்கிட்டு இருந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

யசோதரன்: எல்லா நேரமும் தூங்கல.

டாக்டர் கஸ்தூரி: புரியல.

யசோதரன்: எப்படிச் சொல்றது... சில தடவை... நானே நிறுத்தினேன்.

டாக்டர் கஸ்தூரி: எதை?

யசோதரன்: மூச்சை. வேணும்னே. அடக்கிட்டுக் கிடப்பேன்.

டாக்டர் கஸ்தூரி: உங்களுக்கு என்ன வயசு?

யசோதரன்: முப்பத்தி நாலுங்க.

டாக்டர் கஸ்தூரி: கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன். எதுக்கய்யா இந்த வேலை?

யசோதரன்: இவகிட்ட கேளுங்க, மூச்சு நின்னா என்ன பண்ணுவான்னு.

டாக்டர் கஸ்தூரி: என்னம்மா பண்ணுவீங்க?

குணமதி: உலுக்குவேன்... கூப்பிடுவேன்.

டாக்டர் கஸ்தூரி: என்னன்னு?

குணமதி: கூப்பிடுவேங்க... சும்மா.

யசோதரன்: பாருங்க, இங்க கூட வாயில வராது! கல்யாணம் ஆகி ஆறு வருஷம் டாக்டர். ‘ஏங்க’, ‘இந்தாங்க’, ‘உங்களத்தான்’. ரேஷன் கார்டுக்காரன் வீட்டுக்காரர் பேர் கேட்டான். வாசல்ல மாட்டியிருந்த போர்டைக் கை காட்டினா. ஆனா போன மாசம், நோட்டு எழுத ஆரம்பிச்ச அன்னைக்கு ராத்திரி, மூச்சு நின்னப்போ... நெஞ்சுல கைய வெச்சு, காது கிட்ட வந்து... ‘யசோ... யசோ...’ன்னா. எங்கம்மா கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல.

டாக்டர் கஸ்தூரி: ஓ.

யசோதரன்: அது கனவுன்னு நெனச்சேன். மறுநாள் சரியாத் தெரிஞ்சுக்கலாம்னு கொஞ்ச நேரம் அடக்கிப் பாத்தேன். கூப்பிட்டா. அப்புறம்... பழகிப் போச்சு.

டாக்டர் கஸ்தூரி: பழகிப் போச்சா! அந்தப் பொண்ணு கண்ணுக்குக் கீழ பாத்தீங்களா? மை பூசின மாதிரி இருக்கு. நீங்க கழுத்துல ஓட்டையில்லாம தப்பிக்கலாம். அவங்க தூக்கம் போச்சே. இப்போ எது நிஜம், எது நாடகம்னு நான் எப்படிப் பிரிக்கறது? ஒரு மாசக் கணக்கும் வீண்!

குணமதி: வீண் இல்லீங்க டாக்டரம்மா.

டாக்டர் கஸ்தூரி: எப்படி?

குணமதி: சில கோட்டுக்கு மேல சின்னதா ஒரு சுழி இருக்கு பாருங்க. அதெல்லாம் நாடகம்.

யசோதரன்: என்னது?

டாக்டர் கஸ்தூரி: ஆமா... சுழி இருக்கு. நேத்து மட்டும்... இருபத்தொன்பது சுழி! உங்களுக்குத் தெரியுமா?

குணமதி: நிஜமா அடைச்சுக்கிட்டா காத்து வராதுங்க, ஆனா நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கி இழுத்துக்கிட்டே கிடக்கும். தண்ணியில்லாத அடிபம்பை அடிக்கிற மாதிரி. நடிக்கும்போது நெஞ்சு அசையவே அசையாது. அப்புறம் வாய் ஓரத்துல சிரிப்பு வேற.

யசோதரன்: நான் சிரிக்கல!

குணமதி: சிரிச்சீங்க.

டாக்டர் கஸ்தூரி: அம்மாடி... நீங்க சொன்னதுதான் இந்த நோயோட அடையாளமே. மூச்சு விடற முயற்சி இருக்கும், வழி இருக்காது. நான் புத்தகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்படின்னா... சுழியை எடுத்துட்டா, முதல் நாள் இருபத்தாறு, நேத்து பதினாலு. பந்து வேலை செஞ்சிருக்கு!

யசோதரன்: அப்போ ஓட்டை?

டாக்டர் கஸ்தூரி: வேணாம். பந்தை விடாதீங்க. எடை எட்டு கிலோ குறையணும். கரண்டு இருந்தாலும் போனாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் தலை வெக்கக் கூடாது. தூக்க மாத்திரை தொடக் கூடாது. ஆனா வேலூர் போய் மூக்கும் தொண்டையும் ஒரு தடவை காட்டிட்டு வரணும். பதினாலும் கம்மி இல்ல.

யசோதரன்: பதினாலு நிஜமாவே நின்னுச்சா?

குணமதி: நின்னுச்சு. ஒரு தடவை முப்பத்தி ரெண்டு எண்ணினேன்... வரல. உதடு கருத்துடுச்சு. அத்தையை எழுப்பறதா, டாக்டரம்மாவைத் தேடி ஓடறதான்னு தெரியல. காலையில எழுந்து நீங்க ‘காபியில சர்க்கரை கம்மி’ன்னீங்க.

யசோதரன்: நீ... சொல்லவே இல்லையே.

குணமதி: சொன்னேன். ‘ரொம்ப ஜாஸ்தி பயப்படற’ன்னீங்க.

யசோதரன்: தப்புதான் குணா. இனிமே வெளையாடல. வேலூர் போலாம். நாளைக்கே, ஆறு மணி பஸ்ஸுக்கே.

டாக்டர் கஸ்தூரி: ஏம்மா, கழுத்துல ஓட்டைன்னு நான் சொன்னப்போவே சுழியைப் பத்திச் சொல்லியிருக்கலாமே? துணி எடுத்து வெக்கறதப் பத்திப் பேசினீங்க!

குணமதி: இவரு ஒரு தடவையாவது பயப்படட்டும்னுதாங்க.

யசோதரன்: பயந்துட்டேன். நல்லாவே.

டாக்டர் கஸ்தூரி: அது சரி. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நடிக்கிறாருன்னு தெரியுது, சுழியும் போடறீங்க. பேசாம திரும்பிப் படுத்திருந்தா ரெண்டே நாள்ல நிறுத்தியிருப்பாரே? எதுக்கு ஒவ்வொரு தடவையும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க?

யசோதரன்: ஆமா... ஏன்?

குணமதி: நிஜமா நின்னப்போ கூப்பிட்டதெல்லாம் பயத்துல டாக்டரம்மா... ஆசையா கூப்பிட எனக்கு மட்டும் வேற சாக்கு ஏது?