அடிப்பிடித்த சூப்

எனக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். ஓட்டல் சமையலறைகளைச் சோதிக்கும் அதிகாரிக்கு இது அழகில்லை என்று எனக்கே தெரியும். வீட்டில் ஒன்று தென்பட்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவேன். என் மனைவிதான் துடைப்பத்தோடு வருவாள். "ஊரையே நடுங்க வைக்கிற சாருக்கு வந்த வாழ்வைப் பாரு" என்பாள். அவள் போன பிறகு மருந்து அடிக்கிறேன். காய்ச்சல் என்று இரண்டு பேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம், நான் மட்டும் திரும்பி வந்தேன்.

ஐயா, நீங்கள் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குச் சமைக்க வராது. செத்துப்போனவர்களைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான். சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு அவள் அக்காவோடு போனில் சண்டைக்கு உட்காருவாள். சண்டை முடிவதற்குள் பாத்திரம் அடிப்பிடித்துவிடும். "கருகல் இல்லைய்யா, இதுக்குப் பேரு புகைமணம். அவனவன் காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறான்" என்று கிண்ணத்தை என் முன்னால் தள்ளுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் நுழைந்ததும் சமையலறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கை கழுவத் தோன்றும். கழுவ முடியாது, தொட்டியில் உருளைக்கிழங்கு ஊறிக்கொண்டிருக்கும். குளிர்பெட்டியில் பச்சை இறைச்சி மேல்தட்டில் இருக்கும், அதன் சொட்டு விழும் இடத்தில் வெட்டிய பழம் இருக்கும். மேசை துடைத்த துணி தட்டையும் துடைக்கும். வேர்த்தால் முதலாளியின் நெற்றியையும் துடைக்கும். கேட்டால், "இன்னைக்குத்தான் சார் இப்படி ஆயிடுச்சு" என்பார்கள். நான் போகிற நாளெல்லாம் அந்த இன்றைக்குத்தான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள அந்த ஓட்டலும் இதே ரகம். ஓட்டல்காரரின் அண்ணிதான் சமையல். அவரை எடுத்து வளர்த்தவர். அதனால் சமையலைப் பற்றி வாய் திறக்க அவருக்குத் தைரியம் கிடையாது. நாங்கள் சோதிக்கும் இடத்தில் சாப்பிடக் கூடாது என்பது விதி. அண்ணிக்கு விதி புரியவில்லை.

"சார் தம்பி, மூஞ்சியைப் பார்த்தா சாப்பிட்டு ஒரு வாரம் ஆன மாதிரி இருக்கு. முதல்ல இதைக் குடிங்க. அப்புறமா எங்களைத் தூக்குல போடுங்க."

சூப் அடிப்பிடித்திருந்தது. அடுப்பை எரியவிட்டுப் பின்வாசலில் தையல்கடைக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கிண்ணத்தைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தேன். இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

ஓட்டல்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "எங்க அண்ணி சூப்பை ரெண்டாவது வாட்டி கேட்ட முதல் ஆளு நீங்கதான் சார். எதுக்கும் நாக்கை ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அடிப்பிடிப்பது சட்டப்படி குற்றமில்லை. அதை வைத்து மறுபடி போக முடியாது. குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லை என்று எழுதினேன். மூடி வாங்கினார்கள். அது சரியாக உட்காரவில்லை என்று எழுதினேன். உட்கார வைத்தார்கள். காலால் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றேன். "இந்த மூடிக்குன்னே தனியா ஒரு ஆபீஸ் போட்டுடலாம் சார்" என்றார் ஓட்டல்காரர். அப்படியே பல மாதங்கள் போயின. நான் அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு மச்சான் வந்தார். ஓட்டல்காரரின் மனைவிக்குத் தம்பி, சமையல் கல்லூரியில் படித்தவர். ஓட்டல்காரருக்குத்தான் மச்சான், ஆனால் கடையில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். நானும்தான். அவர் சூப் தெளிவாக, மணமாக இருந்தது. கூட்டம் வாசல் வரை நின்றது.

அண்ணியைக் கல்லாவில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க சார் தம்பி. முட்டி வலி போயே போச்சு. மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

"எனக்கு மட்டும் நீங்களே போட்டுத் தரலாமே."

"அடுப்புகிட்டப் போனா மச்சான் என் தலையில தொப்பியைக் கவுக்குறாரு. இந்த வயசுல எனக்கு அந்தக் கோலம் வேணுமா?" என்று சிரித்தார்.

அவர் வருத்தத்தை மறைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

மச்சானிடம் குறை தேடினேன். இறைச்சிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை, ஒவ்வொன்றும் ஒரு நிறம். எல்லா டப்பாவிலும் தேதி. எனக்கே மறந்துபோன விதிகளை அவர் கடைப்பிடித்தார். முழு மதிப்பெண் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சான்றிதழை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ஆணி அடிக்க நான்தான் பிடித்துக்கொண்டேன்.

எங்களிடம் ஒரு வெப்பமானி உண்டு. ஊசி போல நீண்ட முனை, உணவில் குத்திச் சூடு பார்ப்போம். ஒன்றில் குத்திய பின், அடுத்ததில் குத்துமுன் மருந்துத் துணியால் முனையைத் துடைக்க வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தருவது இது. அன்று பச்சைக் கோழியில் குத்தினேன். அதே முனையை, சாயங்கால விருந்துக்குச் செய்து வைத்திருந்த புட்டிங்கில் பல இடங்களில் குத்தினேன். நடுவில் துடைக்கவில்லை. இதைச் செய்தேன் என்று சொல்வது எவ்வளவு சரி என்று தெரியவில்லை. செய்யாமல் விட்டேன் என்பதே பொருத்தம். மச்சான் எனக்குத் தேநீர் கலக்கத் திரும்பியிருந்தார். குளிர்பெட்டியில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசி வரை குறைத்தேன். அதை வேண்டுமானால் செய்தேன் என்று சொல்லலாம். தேநீர் நன்றாக இருந்தது.

நான் கணக்குப் போட்டது இவ்வளவுதான். நாலு பேருக்கு வயிறு கலங்கும். மச்சான் ஊரைப் பார்க்கப் போவார். அண்ணி அடுப்புக்குத் திரும்புவார். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

விருந்துக்கு வந்தவர்கள் பெரிய குடும்பம், பிறந்தநாள். எல்லோருக்கும் புட்டிங் பிடித்திருந்ததாம், மறுபடி மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததும் விசாரணைக்கு என்னையே அனுப்பினார்கள். முதலில் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு சமையல்காரரின் கவனக்குறைவு என்று எழுதினேன்.

மச்சான் வாதாடவில்லை. "எங்க தப்பு நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க சார். கத்துக்கிறேன்" என்றார். கையை ஒழுங்காகக் கழுவியிருக்க மாட்டீர்கள் என்றேன். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறார். தோல் உரிகிற வரை கை கழுவுகிறாராம், சோற்றுத் தட்டைத் தொடக்கூடப் பயப்படுகிறாராம். தொழிலில் அக்கறை உள்ளவர், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் பிழைக்கவில்லை. நான் வாக்குமூலம் வாங்கப் போனபோது அவள் கணவர் வார்டுக்கு வெளியே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. அந்த நிலைமை எனக்குத் தெரியும். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றேன். தலையாட்டினார். சொல்லப்போனால் அன்று அவரிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசியது நான் ஒருவன்தான்.

ஓட்டலை மறுபடி திறக்க அனுமதி வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அண்ணி அடுப்படிக்குத் திரும்பினார். போன வாரம் போய் உட்கார்ந்தேன். கிண்ணம் வந்தது. சூப்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வாய் இறங்கவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அண்ணி தொப்பி போட்டுக்கொண்டு, அடுப்பை விட்டு நகராமல் கிண்டிக்கொண்டே நின்றார். பின்வாசலிலிருந்து தையல்கடைக்காரம்மா, "என்னக்கா, பேச்சையே மறந்துட்டியா?" என்று கூப்பிட்டார். அண்ணி திரும்பவில்லை.

"கொஞ்சம் போய்ப் பேசிட்டு வாங்களேன்" என்றேன்.

"வேணாம் சார் தம்பி. ஒரு உசுரு போயிருக்கு. கண்ணை எடுக்கவே பயமா இருக்கு."

"அது உங்க மேல தப்பில்ல."

"உங்களுக்கு நல்ல மனசு, அப்படித்தான் சொல்லுவீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிண்டினார்.

நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஐயா. நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார். காவல் துறை சொன்னால் நம்புவார். ஆகவே எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அந்தச் சமையலறையில் ஒரு தப்பும் நடக்கவில்லை, எல்லாம் என் ஊசிமுனையில் வந்தது, அந்தப் பெண்ணைக் கொன்றது நான் என்று அண்ணியிடம் போய்ச் சொல்லுங்கள். மச்சானிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், அண்ணியிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும். பயப்படாமல் பின்வாசலுக்குப் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். போகும்போது அடுப்பை மட்டும் அணைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.